பனியன் துணி நிழல்

ராஜபாண்டிக்கும் அவன் தங்கச்சி தரணிக்கும் பிறவியிலேயே தோலில் நிறம் கிடையாது. முடி, புருவம், இமை எல்லாம் வெளுப்பு. கண்ணும் மங்கல். முதுகுளத்தூர் வெயிலுக்குத் தப்பி, கூரைக்குக் கீழே வேலை என்றுதான் அவன் பல்லடம் ரோட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்தான். தைத்து வரும் பீஸைத் திருப்பி நூல் பிசிறு வெட்டும் வேலை. வந்த வாரமே, செக்கிங்கில் இருக்கும் கோமளா அவனுக்குத் 'துரை' என்று பேர் வைத்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட்டதும் மொட்டை மாடிக்குப் போய்விடுவான். எழுத்தைத் தேடித் தட்டக் கண் உதவாது. பேசினால் போனே எழுதிக்கொள்ளும், ஆனால் கீழே மெஷின் இரைச்சலில் அதற்கு ஒன்றும் ஏறாது. மாடியில் அலசிய வெள்ளைத் துணி கொடி கொடியாகத் தொங்கும். அதற்குள் புகுந்து உட்கார்ந்து ஊருக்குப் பேசுவான்.

"தரணி, டாக்டர் குடுத்த வெயில் கிரீம காலையில மூஞ்சிக்குத் தடவிக்க. வெளிய போனா நான் அனுப்புன பனியன் துணியப் போத்திக்க. அது போதும்."

அவனும் அப்படித்தான். கையில் கிரீம் பசை இருந்தால் வெள்ளைப் பீஸில் கறை விழும், கறை விழுந்தால் ரிஜெக்ட். அதனால் முகத்தோடு சரி. கம்பெனி வாசல் குழாயில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே நுழைவான்.

வலது காது மடலில் வந்த புண் ஆறவே இல்லை. சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்த டாக்டரம்மா அவனை உட்காரச் சொன்னார்.

"கேன்சர்தான் தம்பி. ஆரம்பம், வெட்டி எடுத்துரலாம். கிரீம் போடுறீங்களா?"

"தெனமும் போடுறேங்க."

"எங்க, போட்டுக் காட்டுங்க."

கடலையளவு பிதுக்கி நெற்றியிலும் கன்னத்திலும் தேய்த்தான். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காதுக்கு? பிடரிக்கு? ரெண்டு விரல் நீளத்துக்குப் பிழியணும். ரெண்டு மணிக்கொரு தடவை மறுபடி போடணும். வேர்த்துத் துடைச்சாலும் போடணும்."

"நான் நெழல்லதாங்க இருப்பேன். துணி நெழல்ல."

"கெட்டித் துணியா?"



கம்பெனிக்குத் திரும்பி வந்தபோது கோமளா, விளக்கு எரியும் கண்ணாடிப் பலகைமேல் வெள்ளைத் துணியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க துரை, டாக்டரு என்ன சொன்னாங்க?"

"அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க." துணிக்கு அடியில் கையை விட்டான். முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். மங்கல் கண்ணுக்கே ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

"வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தாத்தான துணியில இருக்கற கண்ணு ஓட்டை தெரியும்? இதென்ன கோணிச்சாக்கா?" என்று சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் விளக்கை அணைத்தாள். "என்ன சாமி? என்னாச்சு?"

அவன் படிக்கட்டுக்கு ஓடினான். இந்தத் தடவை பேசி எழுதவைக்கப் பொறுமையில்லை, நேராகக் கூப்பிட்டான்.

"தாயி, அந்தத் துணியத் தூக்கிப் போடு. வெயிலு அதுல பூந்து வருது. நான் சொன்னது எல்லாமே தப்பு."

"ஏண்ணே பதறுற? நாளைக்குப் பால்கொடத்துக்கு அதைத்தான் போத்திக்கிட்டுப் போறேன்."

"என்ன பால்கொடம்?"

"மாரியம்மனுக்கு. உன் காதுப் புண்ணு ஆறணும்னு நேந்துக்கிட்டேன்."

படியில் உட்கார்ந்தான். உச்சி வெயிலில் ஊர் சுற்றி வரும் பால்குடம் அது. என்ன புண் என்பதை அப்போதுதான் சொன்னான்.

"நீ போக வேணாம், தரணி."

"நேந்ததை நிறுத்தக் கூடாதுண்ணே. இப்பத்தான் அவசியமாப் போகணும்."

"அப்ப கருப்புக் குடை பிடிச்சுக்க."

"கொடத்தை ரெண்டு கையாலயும் பிடிக்கணும். குடைய வாயில கவ்விக்கவா?"

தரணிக்குப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "நான் பிடிக்கிறேன்டி. அவன் சொல்றதக் கேளு."

காது, பிடரி, கழுத்து, கை என்று கிரீம் போட வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்லவும் வைத்தான்.

மறுநாள் மத்தியானம் போட்டோ வந்தது. மொட்டை மாடிக்குப் போகாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, போனை மூக்கருகே பிடித்துப் பெரிதாக்கினான். மஞ்சள் சேலையில் தரணி, தலைமேல் குடம். பக்கத்தில் அம்மா, வெயிலில் வெந்த கையை எக்கி நீட்டிக் குடை பிடித்தபடி. தரணியின் முகத்தில் கிரீம் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. படத்தை நகர்த்திக் காதைத் தேடினான். காதும் வெள்ளை. கழுத்தும் வெள்ளை. ஒரு மூச்சு விட்டான்.

பிறகு படத்தைக் கீழே இழுத்தான். செருப்பில்லாத கால். குடை நிழல் முழங்காலோடு நின்றுவிட்டது. இரண்டு பாதங்களின் மேற்பக்கமும் வெயிலில் செக்கச் செவேலென்று கன்றிக் கிடந்தன. அவற்றை அவன் சொல்லவே இல்லை.

போனை வாயருகே கொண்டுபோய், மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்தினான்.

"தரணி, காலு. பாதத்து மேலயும் போடு. இப்பவே போடு."