நெயாம் என்று செதுக்கிய கல்

கணவன் வலேர் இறந்த நாற்பதாம் நாள், கல்லறைத் தோட்டத்துக்கு வந்த பிரோஷ்கா புதுக் கல்லின் முன்னால் நின்றுவிட்டாள். அந்த ருமேனிய ஊரில் கணவன் போனால் மனைவியின் பெயரையும் கூடவே செதுக்கிவிடுவார்கள். இறந்த வருடத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். இங்கே வலேரின் பெயருக்குக் கீழே, அவள் பெயர் வரவேண்டிய இடத்தில், கல்லின் அகலம் முழுக்கக் கொட்டை எழுத்தில் 'நெயாம்' என்று இருந்தது. எங்கள் வம்சம், எங்கள் இனம் என்று ருமேனியர்கள் மார்தட்டும்போது சொல்லும் சொல் அது. கல் நாத்தனார் வெதூரியா வைத்தது. நிலமும் அவள் பெயரில்தான்.

"இது எங்க நெயாம் படுக்கிற இடம். ஹங்கேரிக்காரிக்கு இங்க என்னடி வேலை? முப்பது வருஷம் என் தம்பிய வச்சிருந்தது போதாதா?"

இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் வலேருக்காக விழுங்கியவள் பிரோஷ்கா. இனி யாருக்காக விழுங்க வேண்டும்? அவள் ஊர்ப் பள்ளியில் ருமேனிய மொழி கற்பித்தவள்.

"அந்த வார்த்தையே எங்களோடதுக்கா. எங்க பாஷையில 'நெம்'. உங்காளுங்க எங்ககிட்டருந்து எடுத்துக்கிட்டது. ரோமாபுரியிலருந்து வந்தோம்னு பீத்திக்கிறீங்களே, இது அங்கருந்து வரல."

பொய் என்று சொல்லச் சொல்லி, நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்திருந்த பாதிரியாரை வெதூரியா பிடித்துக்கொண்டாள். அவரும் வீட்டுக்குப் போய்த் தடித்த அகராதியை எடுத்துவந்தார். விரல் அந்த வரியில் நின்றதும் இருமினார். ஹங்கேரி மொழியிலிருந்து வந்தது என்றுதான் போட்டிருந்தது. லத்தீன், ஸ்லாவ், துருக்கி என்று எல்லாருடைய சொல்லும் நம் வாயில் உண்டம்மா என்று அவர் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையிலேயே கல்தச்சன் கிளிகோரை வெதூரியா இழுத்துவந்தாள். நல்ல கல் பாழாகும் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

"பேத்து எடுடா. என் தம்பி தலைமாட்டுல அவ பாஷை வேண்டாம்."

மதியம்வரை எழுத்துகளைப் பேர்த்தான்; பிறகு அந்த இடத்தைத் தேய்க்க உட்கார்ந்தான். அந்த இடத்தில் வேறென்ன போடுவது என்று பாதிரியார் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்க்கச் சொன்னாள் வெதூரியா. ஒன்று ஸ்லாவ் என்றது, ஒன்று துருக்கி என்றது; லத்தீன் என்று அவர் வாசித்ததையும் அவள் நம்பவில்லை. கடைசியில் ஒன்றும் வேண்டாம் என்று கோபமாகப் போய்விட்டாள்.

சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்ற வந்த பிரோஷ்கா, வழவழவென்று குழிந்திருந்த அந்தப் பட்டையில் கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சாண் போட்டு அளந்தாள்.

"என் பேரு இதுல அடங்குமா, கிளிகோர்?"

அவன் வெதூரியா போன பாதையை ஒருமுறை பார்த்தான். பைக்குள் போடப்போன உளி அவன் கையிலேயே இருந்தது.