நெளிந்த மட்காட்

முன்னால் கூடார வண்டி. அதன் பின்னால், காளைகளின் நடைக்கு ஈடு கொடுத்துக்கொண்டு, பஸ்தியானின் கார் ஊர்ந்தது. வண்டிக்குள் அவன் மனைவி அனஸ்தாசியா நிறைவயிற்றைப் பிடித்தபடி குலுங்கிக்கொண்டிருந்தாள். காருக்குள் பஸ்தியானைத் தவிர ஒருவரும் இல்லை. பக்கத்து ஆசனத்தில், பழைய சாரத் துணியில் சுற்றிய ஒரு பொதி மட்டும் இருந்தது.

தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போகிற சனம் ரோட்டை நிறைத்திருந்தது.

“என்ன பஸ்தியான், காருக்கு மாடு பிடிச்சிருக்கிறியா?” என்று சைக்கிளில் போன ஒருவன் கேட்டான்.

“இல்ல, மாட்டுக்குத்தான் கார் பிடிச்சிருக்கு” என்றான் பஸ்தியான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அவன் தலையை வெளியே நீட்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

பிள்ளைக்கு மாதக் கடைசி என்று மருத்துவிச்சி பாக்கியம்மா சொல்லியிருந்தாள். முதற் பிள்ளை அவர்கள் ஊரான பள்ளிவாசல்துறையில் வீட்டிலேயே பிறந்தது. அது அழவே இல்லை. “இந்தத் தரம் என்ர கையில விடாதேங்க. நோ கண்டவுடன காரில ஏத்தி, புத்தளம் ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிடுங்க” என்று பாக்கியம்மா வாரத்துக்கு ஒரு முறை எச்சரித்துவந்தாள்.

காரில் ஏற்றுவதில்தான் சிக்கல். அனஸ்தாசியா அந்தக் காரில் கால் வைக்கமாட்டாள்.

போன மாரியில் வந்த வினை அது. புத்தளத்திலிருந்து இருவரும் திரும்பிவரும்போது நல்ல மழை. நுரைச்சோலைக்குக் கிட்ட, களப்புத் தண்ணீரோரம் ரோடு வளைகிற இடத்தில் கார் சேற்றில் வழுக்கியது. ரோட்டை விட்டு இறங்கி, ஒரு பனங்குற்றியில் இடது பக்கம் மோதி, அதற்கும் நிற்காமல் சரிவில் ஓடி, தண்ணீர் விளிம்பில் போய் நின்றது. பின் ஆசனத்தில் இருந்த அனஸ்தாசியா அந்தச் சரிவிலேயே நேர்த்தி வைத்துவிட்டாள். “அன்னம்மா தாயே, காப்பாத்து. இந்தக் காரைப் போல ஒண்டு செய்து உன்ர கோயிலில வைக்கிறன். வைக்கிற வரைக்கும் இதில ஏறமாட்டன்.”

அந்தக் கரையில் அது புதிய வழக்கம் அல்ல. எது தப்பியதோ அதன் சாயலைச் செய்து கோயிலில் வைப்பார்கள். புயலில் தப்பியவன் சிறு தோணி வைப்பான். பார்வை திரும்பியவள் வெள்ளியில் கண் வைப்பாள். ஆனால் கார் வைத்தவர் யாரும் இல்லை. கற்பிட்டித் தட்டாரிடம் கேட்டதற்கு, அவர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். அது சில்லு வைத்த வெற்றிலைத் தட்டம் போல் இருந்தது.

வழி சொன்னவன் மஸாஹிர். கற்பிட்டியில் கராஜ் வைத்திருந்தான். பஸ்தியானின் காருக்கு அவன்தான் வைத்தியன்.

“கொழும்புல எங்கட மச்சான்ட கடையில பெட்டி ஒண்டு ஈக்கி. சீமைச் சாமான். தகடு, சில்லு, நட்டு எல்லாம் வேற வேறயா வரும். நாமதான் சேர்த்துப் பூட்டோணும். பூட்டினா ஒரு முழத்துல அசல் கார். சாவி குடுத்தா ஓடும்.”

பெட்டி வந்துசேர ஆனி மாதம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து வாடகைக்குச் சனம் ஏற்றி ஹயர் ஓடி முடித்த ஒவ்வொரு பின்னேரமும் பஸ்தியான் கராஜில்தான் கிடந்தான். முதலில் பெட்டிப் படத்தில் இருந்தபடி பூட்டினான். வந்தது சீமைத் துரை ஒருவரின் சிவப்புக் கார். எல்லாவற்றையும் கழற்றினான். சிவப்பை அரத்தாலும் மண்ணெண்ணெய்த் துணியாலும் உரித்து, தன் காருக்கு அடித்து மிஞ்சியிருந்த கடும்நீலப் பெயின்றைப் பூசினான். தன் காரின் கிழிந்த கூரைத் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கூரை தைத்தான். உடைந்த முகக்கண்ணாடிச் சில்லை உரசி லைற் வைத்தான். குளிகைப் போத்தலின் ரப்பர் மூடி ஹோன் ஆனது. எலி முடி போன்ற தூரிகையால் நம்பர் எழுதும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

“ஒங்கட பொண்டாட்டிக்கு இப்புடி ஒரு நாளாவது சோடிச்சுப் பார்த்தீங்களா?” என்று மஸாஹிர் கேட்டான். பிறகு குனிந்து பார்த்து, “மட்காட் மட்டும் நேரா ஈக்கே. நெளிக்க இல்லயா?” என்றான்.

பெரிய காரில், முன் இடது சில்லை மூடும் மட்காட் பனங்குற்றியில் நசுங்கியதுதான். சில்லில் முட்டாத அளவுக்கு மஸாஹிர் அதைத் தட்டி விட்டிருந்தான். நெளிவு அப்படியே இருந்தது. ஏறுகிற சனமெல்லாம் அதைப் பார்த்துவிட்டுப் பஸ்தியானைப் பார்க்கும். அவனுக்கு அது முகத்தில் தழும்பு மாதிரி.

“தாய்க்குக் குடுக்கிறதை ஊனமாவா குடுக்கிறது?” என்றான் பஸ்தியான்.

தலவிலக் கடற்கரையில் திருவிழாச் சனம் தங்கும் கிடுகு வாடிகள் வரிசையாக எழும்பியிருந்தன. தங்கள் வாடியில் பாயை விரித்து அனஸ்தாசியாவை இருத்தியதும், பஸ்தியான் பொதியை அவிழ்த்தான். மறுநாள் பூசை முடிந்து வைப்பதாக ஏற்பாடு. வைத்த கையோடு அவளைக் காரில் ஏற்றி, புத்தளத்தில் அவள் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டால் போதும். பிறகு ஆசுபத்திரி கூப்பிடு தூரம்.

அனஸ்தாசியா அந்தச் சின்னக் காரை இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூரையைத் தடவினாள். ஹோனை அமத்தினாள். முகம் மலர்ந்தது. இடது பக்கம் திருப்பியதும் மலர்ச்சி நின்றுபோனது.

“வடிவாத்தான் இருக்கு. இது யாரிட கார்?”

“என்ன கதை இது? எங்கட கார்தான். நம்பரைப் பார்.”

“எங்கட காருக்கு இந்தப் பக்கம் நெளிஞ்சிருக்குமே.”

“அதைப் போய் அன்னம்மாவுக்குக் காட்டோணுமா?”

“அதைத்தான் காட்டோணும். அது நெளிஞ்சு சில்லைப் பிடிச்சபடியாத்தானே நாங்க தண்ணிக்குள்ள போகேல்ல.”

“நான் பிறேக் அடிச்சபடியா நிண்டது” என்றான் பஸ்தியான். அந்தக் கதையை அவன் இத்தனை மாதமாக ஏறுகிற எல்லாருக்கும் சொல்லிவந்திருக்கிறான். அனஸ்தாசியா காரை அவன் மடியில் வைத்துவிட்டுக் கிடுகுப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை பின்னேரம், எத்தனை நுணுக்கம். காரைத் தூக்கிக்கொண்டு கோயில் மூப்பர் இன்னாசிப்பிள்ளையிடம் போனான். மூப்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“நல்ல வேலை. இதில என்ன குறை? தாயாருக்கு மனசு தெரியும். வையுங்க.”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவன் வாடிக்குத் திரும்பினான். வண்டியில் கூட வந்திருந்த பாக்கியம்மா வாசலில் நின்றாள். அவள் நின்ற விதமே சரியில்லை.

“தண்ணிக்குடம் உடைஞ்சு போச்சு. வண்டி குலுக்கின குலுக்கு. காரை எடுங்க.”

மாட்டு வண்டியில் புத்தளம் போய்ச் சேர விடிந்துவிடும். காரென்றால் பொழுது சாய முதல் சேரலாம்.

உள்ளே அனஸ்தாசியா பாயின் விளிம்பை முறுக்கிப் பிடித்திருந்தாள். நெற்றி வியர்த்திருந்தது.

“எழும்பு புள்ள. போற வழியில கோயிலில வைச்சிட்டுப் போவம். மூப்பர் சரி எண்டு சொல்லிட்டார்.”

“மூப்பரா அண்டைக்குக் காருக்குள்ள இருந்தவர்?”

“அனஸ்தா, இது பிடிவாதம் பிடிக்கிற நேரமில்ல.”

“எனக்குப் பயம்” என்றாள் அவள். குரல் மிகத் தணிந்திருந்தது. “முதல் பிள்ளையை மண்ணுக்குக் குடுத்தாச்சு. பொய்யான ஒண்டை வைச்சிட்டு அந்த வளைவைத் தாண்ட எனக்குப் பயமா இருக்கு. என்னைத் தூக்கிப் போட்டாலும் குதிச்சிடுவன்.”

அவள் சொன்னால் செய்வாள். பஸ்தியான் வெளியே வந்தான். சின்னக் காரைப் பெரிய காரின் மிதிபலகையில் வைத்து, கருவிப் பெட்டியிலிருந்து குறட்டை எடுத்தான். மட்காட்டைக் கவ்வினான். கை வரவில்லை. உள்ளே அவள் முனகுவது கேட்டது. அமத்தினான்.

நீலப் பெயின்ற் வெடித்து, உள்ளிருந்து பழைய சிவப்பு கீறாய்த் தெரிந்தது. ஒரு நெளிவு போட்டுப் பார்த்தான். போதவில்லை. அது சும்மா நெளிந்த தகடு. பனங்குற்றி இடித்த இடம் அவனைவிட யாருக்குத் தெரியும்? மஸாஹிர் தட்டி நிமிர்த்த முதல், அன்று மழைக்குள் அவனே கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தானே. முன் விளிம்பை உள்ளே மடித்தான். நடுவைக் கீழே இறக்கினான். தகட்டின் நுனி ரயரில் போய்க் குத்தி நின்றது.

பூட்டுகிறவன் பழக்கம், சில்லு சுற்றுகிறதா என்று பார்க்கச் சாவியைக் கொடுத்தான். வழக்கமாகக் கையை எடுத்ததும் பாய்கிற கார், ஒருதரம் உறுமியது. சில்லு தகட்டில் முட்டி அப்படியே நின்றது. சுருள்வில் உள்ளே திமிறிக்கொண்டிருந்தது. கார் அரை விரல்கூட நகரவில்லை.

பஸ்தியான் குந்தியிருந்தபடியே அதைப் பார்த்தான். அன்று சரிவில் பிறேக்கை அடிமட்டம் வரை மிதித்ததும், அது சேற்றில் கால் புதைவதுபோல் பிடிமானம் ஒன்றுமில்லாமல் இறங்கியதும் காலுக்கு நினைவிருந்தது. வாய்தான் வேறு கதை பழகியிருந்தது.

காரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அனஸ்தாசியா விரலால் நெளிவைத் தடவினாள். வெடித்த இடத்தில் விரல் நின்றது.

“ஓம்” என்றாள். “என்னைப் பிடியுங்க.”

கோயில் வரைக்கும் பாக்கியம்மா ஒரு பக்கம், பஸ்தியான் ஒரு பக்கம். சனம் விலகி வழி விட்டது. இன்னாசிப்பிள்ளை மூப்பர் காரை வாங்கி, “இதென்ன, ஆரும் மிதிச்சிட்டாங்களா?” என்று பதறினார். அனஸ்தாசியா அதை வாங்கி, வெள்ளித் தோணிகளுக்கு நடுவே, இடது பக்கம் தெரியும்படி தானே வைத்தாள். முழந்தாளிட அவளால் முடியவில்லை. நின்றபடியே கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

“கதவைத் திறங்க” என்றாள்.

மணல் ரோட்டில் வேகமாகவும் போகமுடியவில்லை, மெதுவாகவும் போகமுடியவில்லை. பள்ளம் தெரிந்தால் பின்னாலிருந்து பாக்கியம்மா ஏசினாள். வேகம் குறைந்தாலும் ஏசினாள். வளைவு வந்தது. களப்பு வெயிலில் தகதகத்தது. பஸ்தியானின் உள்ளங்கை ஸ்டியரிங்கில் வழுக்கியது.

“அண்டைக்குப் பிறேக் பிடிக்கேல்ல, அனஸ்தா.”

“தெரியும். இண்டைக்குப் பிடிக்குமா?”

“மஸாஹிர் புதுசு போட்டவன். பிடிக்கும்.”

“அப்ப கதைக்காம ஓட்டுங்க.”

புத்தளம் ஆசுபத்திரி வாசலில் இரண்டு பேர் அவளைத் தாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சாத்திக்கொண்டது. பஸ்தியான் காரின் மிதிபலகையில் உட்கார்ந்தான். எழும்பினான். மறுபடி உட்கார்ந்தான். வேட்டி மடிப்பில் ஏதோ குத்தியது, எடுத்துப் பார்த்தான். சின்னக் காரின் சாவி. அங்கே, தலவிலக் கோயிலில், இறுகிய சுருளோடு அந்தக் கார் இப்போதும் திமிறிக்கொண்டுதான் நிற்கும். மட்காட் விட்டுவிட்டால் தோணிகளையெல்லாம் இடித்துக்கொண்டு ஓடும். பிடித்துக்கொண்டிருக்குமா? சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டான்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பூனையோ என்று நினைத்தான். மறுபடி வந்தது, இந்த முறை ஆவேசமாக. பாக்கியம்மா சன்னலில் தலையை நீட்டினாள்.

“பொம்பிளப் புள்ள. ஊரைக் கூட்டுறாள், கேக்குதா?”

கேட்டது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கையில் மருந்துப் போத்தலோடு ஒரு கிழவர் காரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். இடது பக்கம் வந்ததும் தயங்கினார்.

“தம்பி, பாலாவி மட்டும் ஹயர் போகுமா? மட்காட் இப்பிடி நெளிஞ்சு கிடக்கே. ஓடுமா இது?”

“ஓடும் ஐயா” என்றான் பஸ்தியான். “நிக்கவும் செய்யும். கொஞ்சம் பொறுங்க, மகளைப் பார்த்திட்டு வாறன்.”