ஓட்டிப் பார்க்காத ஜெனரேட்டர்

பேரையூருக்கு வெளியே தாமரைச்செல்வியும் அவள் அண்ணன் வெள்ளைத்துரையும் சேர்ந்து நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிப்பகம் நடத்தினார்கள். அவர்களுடைய மிசினில் ஒரே நேரத்தில் மூவாயிரம் முட்டை வைக்கலாம். காற்றும் சூடும் கொஞ்ச நேரம் தவறினாலும் முட்டை கெட்டுவிடும். அதனால் ஐந்து கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று, புதிதாக, கரண்ட் போனதும் தானே ஓடுகிற மாதிரி வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

வெள்ளைத்துரையோ கப்பலூரில் மூடிக்கிடந்த ஒரு பட்டறையிலிருந்து இருபத்தைந்து கேவிஏ பழைய ஜெனரேட்டரை லாரியில் கொண்டுவந்து இறக்கினான்.

"எதுக்குண்ணே இம்புட்டுப் பெருசு? நம்ம லோடுக்கு இது சும்மா உறுமிக்கிட்டுக் கெடக்கும். உள்ள கரி அடைச்சுப் போகும்."

"பெருசா இருந்தா நல்லதுதானத்தா. இன்னொரு மிசின் போடுவோம்ல."

இன்னொரு மிசின் வரவேயில்லை. சனிக்கிழமைதோறும் கால்மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது அண்ணன் பொறுப்பு என்று ஆனது. கேட்டால், "ஓட்டியாச்சு, ஓட்டியாச்சு" என்பான்.

மே மாதத்தில் ஒரு நாள், பராமரிப்புக்காக ஒன்பதிலிருந்து ஐந்து வரை மின்தடை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். முட்டைகளுக்கு அது இருபதாவது நாள். ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

கரண்ட் போனதும் தாமரைச்செல்வி ஜெனரேட்டர் சாவியைத் திருப்பினாள். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி செத்துக்கிடந்தது. அதன் சார்ஜர் இருக்க வேண்டிய பிளக்கில் மருந்தடிக்கிற ஸ்பிரேயர் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது.

உள்ளே யூபிஎஸ் கீ கீ என்று அலறியது. கம்ப்யூட்டருக்கும் மிசினின் சூட்டைக் காட்டும் மீட்டருக்கும் என்று வாங்கியது அது. அதில் அண்ணனின் டேபிள் ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது.

உள்ளே சூடு ஏறிக் குஞ்சுகள் வெந்துவிடாமல் மிசின் கதவுகளைத் திறந்துவிட்டாள். வேலைக்கு வந்திருந்த ஒச்சாயி முட்டை அட்டையை எடுத்து விசிறத் தொடங்கினாள். தாமரைச்செல்வி, வயலில் உழுதுகொண்டிருந்த அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"டிராக்டரக் கொண்டாண்ணே. பேட்டரி வேணும்."

"இந்தா வாரேன். ரெண்டு சால்தான் பாக்கி."

"சாலும் வேணாம், ஒண்ணும் வேணாம். இப்பவே வா!"

அவன் வந்து சேர முக்கால் மணி நேரமானது. டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்ததும் ஜெனரேட்டர் கரும்புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. இரண்டு நிமிடம் ஓடி நின்றுபோனது. டேங்க்கைத் திறந்தால் டீசல் சொட்டுக்கூட இல்லை.

"டீசல் எங்கண்ணே?"

"டிராக்டருக்கு ஊத்திட்டேன்த்தா."

"அப்ப சனிக்கிழமையெல்லாம் எதுல ஓட்டுன? தண்ணியிலயா?"

அவன் தலையைச் சொறிந்தான். "சத்தம் சாஸ்தியா இருக்குன்னு அக்கம்பக்கத்துல வையுறாக…"

திட்ட நேரமில்லை. டியூபைப் போட்டு டிராக்டரிலிருந்து உறிஞ்சச் சொன்னாள். அவன் வாயெல்லாம் டீசலாகிக் காறித் துப்பினான். மெக்கானிக் ஒருமுறை செய்ததைப் பார்த்து வைத்திருந்ததால், ஸ்குரூவைத் தளர்த்தி டீசல் பைப்பில் நின்ற காற்றை அவளே வெளியேற்றினாள். மிசினின் விசிறிகள் மறுபடி சுற்றும்போது மணி பதினொன்று.

மறுநாள் ஆயிரத்து எண்ணூறு குஞ்சுகள்தான் வெளியே வந்தன. வழக்கமாக இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் குறையாது. முட்டை ஓட்டைக் கொத்தித் துளை போட்டும் வெளியே வர முடியாமல் செத்தவைதான் அதிகம். அவற்றைக் கூடைகளில் அள்ளி, குழி வெட்டிப் புதைக்கும் வேலையை அண்ணனிடமே கொடுத்தாள்.

மண்ணைத் தள்ளிக்கொண்டே அவன், "பேட்டரியில இன்னும் பெருசு இருக்காம்த்தா…" என்று ஆரம்பித்தான்.

"மிசின் பக்கமே இனி நீ வராத. கரண்டு, டீசல், பேட்டரி எல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ குஞ்சு விக்கிறத மட்டும் பாரு."

அவன் கோபித்துக்கொண்டு நான்கு நாள் பொரிப்பகத்துப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் சமயநல்லூரிலிருந்து ஒருவர் முந்நூறு குஞ்சு கேட்டுப் போன் செய்தார். வெள்ளைத்துரை வந்து, வாசலுக்கு வெளியே நின்றபடியே தங்கையிடம் கேட்டான்: "முந்நூறு குடுக்கலாமாத்தா?"

"உள்ள வந்து நீயே எண்ணு" என்றாள்.