தம்பி பக்கத்துத் திரை

"திரையை மட்டும்தான் எடுத்துட்டுப் போனேன் அண்ணி. ஆல்பத்தை மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டா போனேன்?"

"அப்ப எங்க போச்சு? நேத்து வரைக்கும் கண்ணு முன்னாடி இருந்துச்சு. நீங்க காலை எடுத்து வெளியில வெச்சீங்க, காணோம்."

போட்டோ ஸ்டுடியோவில் நடந்த இந்தச் சண்டை தெருமுனை வரை கேட்டது. தெருமுனையில் இருப்பவர்களுக்குக் காது கொஞ்சம் கூர்மை என்பது வேறு விஷயம். என் கைப்பையில் ஏற்கெனவே பாஸ்போர்ட் போட்டோ கட்டாக இருந்தும், இன்னொன்று எடுக்கிற சாக்கில் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய ஸ்டுடியோ அது. கம்ப்யூட்டர் ஒன்று, திரை இரண்டு. வலப்பக்கத் திரை அண்ணனுடையது. இடப்பக்கத்தில் இருந்தது தம்பி வாங்கிப் போட்டது. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று தம்பி சொன்னார். "அந்த ரிசப்ஷன் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்று அண்ணி சொன்னார். அண்ணன் வழக்கம்போல எதுவும் சொல்லவில்லை. அன்று காலை தம்பி தன் திரையைக் கழற்றிப் போர்வையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகுதான் அண்ணன் கவனித்தார். வாரக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்த கல்யாண ஆல்பம் திரையில் இல்லை. திரையின் கீழ் ஓரத்துப் பட்டையில் அதன் அடையாளம் மட்டும் ஒளிர்கிறது. அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் அந்தக் கல்யாணப் பெண்ணின் அப்பா ஆல்பம் பார்க்க வருகிறார். உடனே தம்பியை போனில் கூப்பிட்டு வரவழைத்துச் சண்டை.

"சேவ் பண்ணி வெச்சிருக்கியாண்ணே?"

அண்ணன் செருப்பைப் பார்த்தார். இருட்டறையில் படம் கழுவிப் பழகிய மனுஷன். வேலை முடிகிறவரை கதவைத் திறக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துப் பாடம். அதையே கம்ப்யூட்டருக்கும் வைத்துக்கொண்டு, ஆல்பம் முடிகிறவரை சேவ் என்ற பேச்சே எடுக்க மாட்டார். நடுவில் சேவ் செய்தால் படம் மங்கிவிடும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

"இதுக்குப் போயா இவ்வளவு சத்தம்?" என்று மூலையிலிருந்து எழுந்தார் அண்ணியின் கூடப்பிறந்த தம்பி. மொபைல் உறை விற்கிறவர். ஆகையால் மின்சாரத்தில் ஓடும் எல்லாவற்றுக்கும் தானே டாக்டர் என்று நினைப்பு. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா தானா வந்து நிக்கும்." விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

"அதைத் தொடாதீங்க. தொட்டா எல்லாம் போயிடும்."

வாசலில் நின்றது அந்த ரிசப்ஷன்தான். ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், தம்பி போன் செய்ததும் சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருந்தாள். பொத்தானில் இருந்த விரல் அப்படியே நின்றது. அவளோ படிக்கு வெளியிலேயே நின்று, பணிவாகக் கேட்டாள்: "உள்ள வரலாமாக்கா? இல்ல இங்கேருந்தே சொல்லட்டுமா?"

அண்ணி கூரையைப் பார்த்தார். "உள்ள வாம்மா" என்றார் அண்ணன். அவர் மனைவிக்கு முன்னால் வாயைத் திறந்து நான் பார்த்தது அன்றுதான்.

நாற்காலியில்கூட உட்காரவில்லை அவள். குனிந்து, அம்புக்குறியைப் பட்டையில் ஒளிர்ந்த அடையாளத்தின் மேல் வைத்தாள். தபால்தலை அளவுக்கு ஆல்பம் தெரிந்தது. "இருக்கு. எங்கயும் போகல." பிறகு மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். திரை போன இடத்தில் ஒயர் மட்டும் தொங்கியது.

"திரையை எடுத்துட்டாரு. ஆனா எடுத்ததை கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லல. அவர் இன்னும் பக்கத்துலயே இருக்கார்னு நெனச்சுக்கிட்டு, ஆல்பத்தை அவர் பக்கமே வெச்சிருக்கு. எங்க டாக்டர் ரூம்லயும் இந்தக் கூத்து தினமும் நடக்கும்."

அதன் பிறகு மவுஸைத் தொடவே இல்லை. கீபோர்டில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு ஸ்பேஸைத் தட்டினாள். விட்டுவிட்டு 'எம்' எழுத்தைத் தட்டினாள். வலது அம்பு விசையில் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மொபைல் உறைக்காரர் கனைத்தார். அவள் திரும்பவும் இல்லை, விரலை எடுக்கவும் இல்லை. வீட்டையே கட்டி மேய்க்கிற அண்ணி முறைத்தபடி நிற்கும்போது அப்படி அசையாமல் ஒரு விரலை வைத்திருக்க என்னால் முடியாது. இந்தத் தெருவில் யாராலும் முடியாது.

திரையின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. பிறகு மாப்பிள்ளையின் காது. பிறகு கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டே நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்து நின்றாள். அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"முதல்ல சேவ் பண்ணுங்க சார். படம் மங்காது, நான் பொறுப்பு."

அண்ணன் சேவ் செய்தார். அண்ணி தன் கொழுந்தனாரைப் பார்க்கவில்லை. திருட்டுப் பட்டம் கட்டியதற்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிடுசிடுத்தார்: "சாரும் இல்ல மோரும் இல்ல. மாமான்னு கூப்பிடு. சாப்பிடாம வந்திருக்க, உட்காரு."

நான் போட்டோ எடுக்காமலே கிளம்பிவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷமே கல்யாணம். படம் எடுத்தது அண்ணன்தான். பக்கத்துக்குப் பக்கம் சேவ் செய்தாராம். அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து இருவரும் வேறு ஊருக்குப் போனார்கள். போகும்போது திரையைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டுப் போனார் தம்பி. மொபைல் உறைக்காரரும் கல்யாணம் செய்துகொண்டு மாமனார் வீட்டோடு போய்விட்டார். அங்கே எதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கொண்டிருக்கிறாரோ.