பெக்கோக் ஆற்றின் மிகச் சுத்தமான இரண்டு பாட்டில்கள்

பெக்கோக்கில் ஆற்றைக் காப்பாற்ற அந்தச் சனிக்கிழமை காலை நாற்பது பேர் திரண்டிருந்தார்கள். பச்சை டீ-சர்ட், தேங்காய்ப்பால் சோறு மணக்கும் நாசி லெமாக் பொட்டலம், இரண்டு ஆள் நீளத்துக்குப் பேனர், எதிலும் குறைவில்லை. தண்ணீர் எடுக்க பாட்டில் கொண்டுவந்தவள் மட்டும் ஷாமளா ஒருத்திதான்.

ஷாமளா சிகாமட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவள். ஒன்றரை வருடமாக வாராவாரம் இங்கே வந்து நீர்நாய்களை எண்ணிக் குறித்து வைக்கிறாள். முதலில் ஏழு இருந்தன. செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் கால்வாய் ஆற்றில் கலக்கும் இடத்தில் மீன்கள் செத்து மிதக்க ஆரம்பித்த பிறகு மூன்று. போன மாதம் ஒன்றே ஒன்று. தண்ணீர் கெட்டிருக்கிறது என்று ஜொகூர் பாரு ஆய்வகம் சொன்னால்தான் ஆலைமேல் அவள் கொடுத்த புகார் நிற்கும். இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவேன் என்று சுற்றுச்சூழல் துறை அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

தொண்டர் படை அருவியில் கால் நனைத்துக்கொண்டிருக்க, அவள் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் இறங்கினாள். இரண்டு பாட்டில் நிறையக் கறுப்புத் தண்ணீர். நாற்றம் குடலைப் பிடுங்கியது. இடம், நேரம் எழுதி ஒட்டி ஐஸ் பெட்டியில் வைத்தாள்.

"உனக்கு மத்தியானம் வேலை இருக்குல்ல தங்கச்சி? நானே ஜேபி லேபுக்குக் கொண்டு போறேன் லா," என்றார் நாற்பது பேரையும் திரட்டிய சங்கத்தின் தலைவர் ஜெயபாலன். என்ன பெருந்தன்மை! அவளும் நம்பிக் கொடுத்துவிட்டாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. தண்ணீர் படு சுத்தமாம். கைக்குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுக்கலாம் போலிருந்தது. ஷாமளா ஜெயபாலனை ஃபோனில் பிடித்தாள்.

"அண்ணே, பாட்டிலை என்ன செஞ்சீங்க?"

"அலமாக், அந்தத் தண்ணி பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு லா. பெரிய மனுஷன், டத்தோ வேற வந்துட்டாரு, பாட்டிலப் புடிச்சு ஃபோட்டோ எடுக்கணும்னாரு. அவரு கையில போயி அதைக் குடுக்க முடியுமா? ரெண்டையும் கொட்டிட்டு மினரல் வாட்டர் ஊத்தினேன்."

"அதையேவா லேப்ல குடுத்தீங்க?"

"பின்ன? நீ எழுதி ஒட்டின பேப்பரைக்கூட நான் தொடலையே!"

அவ்வளவு நேர்மை! ஃபோனை வைத்துவிட்டு அவள் அழுதாள். அந்த ஒற்றை நீர்நாயும் போகப்போகிறதே என்றிருந்தது.

அழுது முடித்ததும்தான் புத்தி வந்தது. தலைவர் தும்மினாலும் படம் எடுக்கும் சங்கமாயிற்றே! சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுச் சொச்சம் படங்கள் கிடந்தன. தேடினாள். இருந்தது. ஜெயபாலன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கறுப்புத் தண்ணீரைப் புல்லில் கொட்டுகிறார். அவள் ஒட்டிய தாளில் இடமும் நேரமும் பளிச்சென்று தெரிகின்றன. அடுத்த படத்தில் அதே பாட்டிலில் மினரல் வாட்டர். இரண்டுக்கும் கீழே அவரே எழுதியிருந்தார்: "களப்பணியில் தலைவர்."

ஒரு எழுத்தும் மாற்றாமல் அதிகாரிக்கு அனுப்பிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை புதிதாகத் தண்ணீர் எடுக்க அதிகாரியே நேரில் வந்தார். ஜெயபாலனையும் வரச்சொல்லியிருந்தார். தலைவர் புது டீ-சர்ட்டில் வந்தார். கால்வாயடியில் அதிகாரி பாட்டிலை நிரப்பி, மூடாமல் அவர் கையில் கொடுத்தார்.

"கொஞ்ச நேரம் பிடிங்க சார். எழுதிக்கிறேன்."

ஷாமளா ஃபோனைத் தூக்கினாள். ஜெயபாலன் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"ஃபோட்டோ எல்லாம் வேணாம் லா, தங்கச்சி."

அவள் நான்கு எடுத்தாள்.