மடிப்பைத் தொட்ட கத்தரி

என் மகள் யென்னியின் கல்யாணத்துக்கு வாசல் கதவில் ஒட்டும் 'இரட்டைச் சந்தோஷம்' என்ற சீன எழுத்தைச் சிவப்புத் தாளில் என் ஓரகத்தி சாய்லிங் வெட்ட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. யென்னியே போய் அவளைக் கேட்டுவிட்டு வந்தாள். வெட்டுகிறவளுக்குப் புருஷன் உயிரோடு இருக்க வேண்டும், பெற்றவர்கள் இருக்க வேண்டும், மகன் ஒன்று மகள் ஒன்று இருக்க வேண்டும். அப்படிப்பட்டவள் கத்தரியைத் தொட்டால்தான் மணமக்களுக்கு நல்லது என்பது எங்கள் ஊர் வழக்கம். சாய்லிங்குக்கு எல்லாம் இருந்தது. வெட்டத்தான் வராது.

எனக்கு வெட்ட வரும். என் புருஷன் போகும்வரை இந்தத் தெருவில் எந்தக் கல்யாணமானாலும் சிவப்புத் தாள் என் வீட்டுக்குத்தான் வரும். அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு தாள் வந்ததில்லை.

அன்று காலை, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைத்துப்போக வருவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அடியில் நெருப்பிட்ட செங்கல் கட்டில்மேல் சாய்லிங் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். யென்னி அவள் தோளில் சாய்ந்திருந்தாள். என் தோளில் சாய்ந்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டு நான் நின்றேன்.

"இந்த எழுத்து எப்படி வந்துச்சு சித்தி?"

"யாரோ ஒருத்தனுக்கு ஒரே நாள்ல கல்யாணமும் ஆச்சாம், பரீட்சையிலயும் ஜெயிச்சானாம். ரெட்டைச் சந்தோஷம்னு ரெண்டா எழுதிட்டானாம். உங்க சித்தப்பா சொன்னாரு."

"அது கதை," என்றேன். "ஒத்தை எழுத்துல மேல இருக்கறது தாங்கியில வச்ச மேளம். கீழ இருக்கறது வாய். மேளம் அடிக்குது, வாய் பாடுது, அதான் சந்தோஷம். அதையே பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா கல்யாணம்."

"அக்காவுக்குத் தெரியாதது என்ன இருக்கு," என்றாள் சாய்லிங். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுவும் எனக்குக் குத்தியது. "வெட்டற விதத்தையும் சொல்லுங்கக்கா."

"நான் எதுக்கு? என் வாய் பட்டாக்கூட ராசியில்லைன்னு சொல்லிடப் போறாங்க."

அவள் தலைகுனிந்துகொண்டு தாளை இரண்டாக மடித்தாள். மடித்த தாளில் ஒற்றை எழுத்தை வரைந்து வெட்டுவோம். பிரித்தால் 囍 என்று இரட்டையாக நிற்கும். மடிப்பில் வந்து முட்டும் கோடுகள்தான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். அங்கே கத்தரி படக்கூடாது. சாய்லிங் எழுத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டே வந்தாள். கத்தரி நேராக மடிப்புக்குப் போனது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. வெட்டட்டும், இவள் லட்சணத்தை யென்னி பார்க்கட்டும் என்று இருந்தேன். கல்யாணம் என் மகளுடையது என்பதே அப்போது மறந்துபோயிற்று.

அவள் தாளைப் பிரித்தாள். இரண்டு துண்டுகள் தனித்தனியாகக் கட்டில்மேல் விழுந்தன.

சேர்ந்து நிற்க வேண்டியது பிரிந்து விழுந்தால் என்ன அர்த்தம் என்று எங்களில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"என் கையாலயே கெடுத்துட்டேனே கண்ணு," என்று சாய்லிங் அழ ஆரம்பித்தாள். ஒரு நொடி எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு யென்னியைப் பார்த்தேன். பூசியிருந்த பவுடரையும் மீறி முகம் வெளுத்திருந்தது.

அவள் என்னிடம் வரவில்லை. சித்தியின் கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு தாளை நீட்டினாள்.

"தாள்தானே சித்தி. வேற வெட்டுங்க."

சாய்லிங் மறுபடியும் மடித்தாள். கத்தரி மறுபடியும் மடிப்பின் பக்கம் திரும்பியது.

"மடிப்பைத் தொடாத," என்றேன். "கோடு முட்டற எடத்தை விட்டுட்டு வெட்டு."

யென்னி திரும்பாமலே சொன்னாள்: "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. பாத்துக்கிட்டுத்தானே நின்ன."

இந்த முறை எழுத்து கோணலாக வந்தது. ஆனால் பிரியாமல் வந்தது. இருவரும் சேர்ந்து அதைக் கதவில் ஒட்டினார்கள். பசைக் கிண்ணத்தைப் பிடிக்கக்கூட என்னைக் கூப்பிடவில்லை. அதற்கு வழக்கம் காரணமில்லை.