தொண்ணூற்றாறு என்று வந்த ரிப்போர்ட்

என் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். நான் பேருந்து நிலையத்தின் பின்தெருவில் சாவிக்கடை வைத்திருக்கிறேன். மாற்றுச் சாவி, திறக்காத பீரோ, சிக்கிக்கொண்ட பூட்டு, இவைதான் என் பிழைப்பு. "பொண்டாட்டி ஊரையே சுத்துறா, புருஷன் உட்கார்ந்த இடத்துலயே அரத்தைத் தேய்க்கிறான்" என்று அவளுடைய கண்டக்டர் எங்களைக் கிண்டல் செய்வார். ஐம்பதைத் தாண்டியவர். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த முறைப்படி நான் அவருக்கு மாப்பிள்ளை, அவர் எனக்கு மச்சான்.

ஒரு புதன்கிழமை மதியம் மச்சான் கடைக்கு வந்து ஒரு சாவியை நீட்டினார்.

"இதுக்கு ஒரு டூப்ளிகேட் போடு மாப்பிள்ளை."

"போன மாசம்தானே இதுக்கே ரெண்டு போட்டுக் கொடுத்தேன்?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாவியை மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி காலையில வழியைத் தப்ப விட்டுடுச்சு."

"எந்த வழியை?"

"நம்ம ரூட்டைத்தான். மார்க்கெட் முக்குல இடது பக்கம் திரும்பணும்ல? நேரா போயிடுச்சு. ஜனங்க எல்லாம் கத்துனாங்க. ஓரமா நிறுத்திட்டு என்னைப் பார்த்து, 'அண்ணே, இது எந்த இடம்?'னு கேட்டுச்சு. பதினோரு வருஷமா ஓட்டுற ரூட்டு."

நான் அரத்தைக் கீழே வைத்தேன்.

"டிப்போல நான் மூச்சு விடல" என்றார். "ஆனா அறுபது உசிரை ஏத்திக்கிட்டுப் போறோம் மாப்பிள்ளை. நீ ஒரு வார்த்தை கேளு."

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஏழெட்டு மாதமாகவே அவள் பழையபடி இல்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்ததை நான் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வேலை முடிந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுவாள். சாப்பாடு பாதியாகக் குறைந்தும் உடம்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. காக்கிச் சட்டையை இரண்டு முறை பிரித்துத் தைத்தாயிற்று. எல்லோரும் வியர்த்து வழிகிற வெயிலில் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினாள். குரல் கரகரத்துவிட்டது. எங்கள் பெண் போனில் இரண்டு முறை அவளை "அப்பா" என்று அழைத்துவிட்டு நாள் முழுக்கச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பட்டம் வேறு வைத்தேன். நாற்பத்தெட்டு வயது, பெண்களுக்கு மாதக்கணக்கு முன்னே பின்னே ஆகிற வயது, எல்லாம் அதுதான் என்று நானே வைத்தியம் பார்த்து முடித்திருந்தேன்.

அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பெண் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. என் மனைவி சமையலறையில் நின்றுகொண்டு டீத்தூள் டப்பாவைக் கையில் வைத்தபடி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

"மச்சான் வந்துட்டுப் போனார்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "சொல்லிட்டாரா."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நேத்து சம்பளச் சீட்டுல கையெழுத்துப் போடப் போனா தேதி ஞாபகம் வரல. போன வாரம் நம்ம பொண்ணு எந்த வகுப்புன்னு ஒருத்தர் கேட்டார். யோசிச்சேங்க. யோசிக்க வேண்டியிருந்துச்சு." டப்பாவை மேடையில் வைத்தாள். "எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவள் அம்மாவின் கதை எனக்குத் தெரியும். ஐம்பத்து மூன்று வயதில் மறதி தொடங்கியது. வீட்டைவிட்டு இறங்கி நடந்து, திரும்பி வரத் தெரியாமல் இரண்டு தெரு தள்ளி யார் வாசலிலாவது உட்கார்ந்திருப்பார். கடைசியில் உள்ளிருந்து திறக்க முடியாதபடி கதவுக்கு ஒரு பூட்டு வேண்டும் என்று மாமனார் கேட்டார். அந்தப் பூட்டைச் செய்து மாட்டியது நான்தான்.

"எனக்கும் நீங்களே பூட்டு செஞ்சு மாட்டிடுவீங்களா?" என்று கேட்டாள்.

அவள் கையைப் பிடித்தேன். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. விரல்கள் வீங்கி, மோதிரம் சதைக்குள் அமுங்கிக் கிடந்தது. இந்தக் கையை நான் எத்தனை நாளாகப் பார்க்கவில்லை!

"முதல்ல என்னன்னு பார்ப்போம்" என்றேன். "பார்க்காமலே நீயா தீர்ப்பு எழுதாதே."

மறுநாள் காலை அவள் சீருடை போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போனாள். வண்டியை எடுக்கவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போய், "சார், நேத்து நான் வழி தவறிட்டேன். உடம்பு சரியாகுற வரைக்கும் வண்டி எடுக்க மாட்டேன். மெடிக்கலுக்கு அனுப்புங்க" என்றாளாம். மேனேஜர் சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவர். அவர் எழுந்து தன் நாற்காலியையே அவளுக்குத் தள்ளிவிட்டார் என்று மச்சான் பின்னால் சொன்னார். பதினோரு வருடத்தில் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவள், தானாக வந்து சாவியைக் கொடுக்கிறாள் என்றால் யாருக்குத்தான் மனசு இளகாது.

அரசு மருத்துவமனையில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். குட்டையான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. என் மனைவி மெதுவாக, வார்த்தை வார்த்தையாகத் தேடிப் பேசினாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. கேள்விகள் மட்டும் எங்கெங்கோ போயின.

"குளிர் தாங்க முடியலையா? மலச்சிக்கல் இருக்கா? முடி கொட்டுதா?"

"இவளுக்கு ரொம்ப கொட்டுது டாக்டர், குளியலறை முழுக்க..."

"நான் அவங்களைக் கேட்டேன். உங்க முறை வரும்."

என் மனைவி பல மாதத்துக்குப் பிறகு லேசாகச் சிரித்தாள்.

எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் பதில் வந்தது. டாக்டர் நாடி பிடித்தார். நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு. புருவத்தின் வெளிப்பக்கம் முடி உதிர்ந்து மெலிந்திருப்பதைக் காட்டினார். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, ஒவ்வொரு வாயாக விழுங்கச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று கழுத்தின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். பிறகு அவளை நாற்காலியில் முட்டிபோட வைத்து, குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பில் ஒரு ரப்பர் சுத்தியால் தட்டினார். பாதம் உதைத்தது. ஆனால் திரும்பி வரும்போது மட்டும் சோம்பல் முறிப்பதுபோல் மெள்ள வந்தது.

"இப்ப உங்க முறை" என்று என்னை முட்டிபோடச் சொன்னார். தட்டினார். என் பாதம் உதைத்த வேகத்திலேயே திரும்பி வந்தது.

"வித்தியாசம் தெரியுதா? உங்க மனைவிக்கு உடம்பு முழுக்க இப்படித்தான் மெதுவா ஓடுது. எனக்குத் தைராய்டு மேலதான் சந்தேகம். ரத்தம் பார்த்தா தெரிஞ்சுடும்."

"ஞாபக மறதி டாக்டர்?" என்று அவள் கேட்டாள். அம்மாவைப் பற்றியும் சொன்னாள்.

"தைராய்டு ரொம்பக் குறைஞ்சா மூளையும் மந்தமாகும். அதுவாகவும் இருக்கலாம். ரிப்போர்ட் வராம நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

ரத்தம் எடுத்தார்கள். இதயத்துக்கு ஈசிஜி எடுத்தார்கள். ரிப்போர்ட்டுக்கு மூன்று நாள். அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. பெண் மட்டும் அம்மாவின் பக்கத்திலேயே படித்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் காகிதத்தை வாங்கியதும் கூடத்திலேயே நின்று பிரித்தேன். டிஎஸ்ஹெச் என்ற வரிக்கு நேரே தொண்ணூற்றாறு. பக்கத்தில், நாலரை வரைக்கும் சரி என்று அச்சடித்திருந்தது. டாக்டர் அறைக்குள் போனதும், "தைராய்டு குறைச்சல்னு சொன்னீங்க, இது இருபது மடங்கு ஏறிக் கிடக்கே!" என்றேன்.

டாக்டர் கண்ணாடியை மேலே தள்ளினார்.

"இந்த டிஎஸ்ஹெச் தைராய்டோட சரக்கு இல்லைங்க. மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. 'வேலை செய், வேலை செய்'னு அது தைராய்டுக்குப் போடுற சத்தம்தான் டிஎஸ்ஹெச். சாதாரணமா மெதுவா சொன்னாலே போதும். இங்க தைராய்டு எழுந்திருக்கவே இல்ல, அதனால மேல இருக்கிறவங்க தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்காங்க. பாருங்க, தைராய்டு சுரக்கிற டி ஃபோர் கீழ எவ்வளவு குறைஞ்சிருக்கு."

"ஏன் டாக்டர் இப்படி ஆச்சு? நான் ஏதாவது தப்பா சாப்பிட்டேனா?" என்று என் மனைவி கேட்டாள்.

"நீங்க ஒரு தப்பும் செய்யலம்மா. உடம்புல கிருமியோட சண்டை போடுற காவல் படை ஒண்ணு இருக்குல்ல, அது ஆள் மாறித் தைராய்டையே அடிச்சிருக்கு. அதுக்கான டெஸ்ட்டும் பாசிட்டிவ். பெண்களுக்குத்தான் இது அதிகம் வருது, குடும்பத்துல ஓடவும் செய்யும். மாத்திரை இருக்கு. உங்க சுரப்பி கொடுக்க வேண்டியதைத்தான் அது கொடுக்குது. காலையில வெறும் வயித்துல தண்ணியோட போட்டுட்டு, ஒரு மணி நேரம் டீகூடக் கிடையாது. பெரும்பாலும் ஆயுசு முழுக்கப் போடணும்."

"மறதி?"

"இவ்வளவு குறைவா இருந்தா மறதி வராம இருந்தாத்தான் அதிசயம். மாத்திரை பிடிச்சதும் தெளியும்னுதான் நினைக்கிறேன். மூணு மாசம் கழிச்சு ஞாபகத்துக்குத் தனியா ஒரு டெஸ்ட்டும் வெச்சுப் பார்த்துடுவோம்."

அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, "எங்கம்மாவுக்கும் இதுவா இருந்திருக்குமோ?" என்றாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "தெரியலம்மா. இனி தெரிஞ்சுக்க வழியும் இல்ல. வேற மறதி நோயாகவும் இருந்திருக்கலாம். உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க இருந்தா ஒரு தடவை ரத்தம் பார்க்கச் சொல்லுங்க."

வெளியே வந்தோம். கூடத்தில் நாற்காலி வரிசையில் உட்கார்ந்தவள் முதலில் அழுதாள். கொஞ்ச நேரம் அம்மாவுக்காகத்தான் அழுதாள் என்று நினைக்கிறேன். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா! எனக்கு வியாதிதானாம்க்கா! தைராய்டாம்! அம்மாவோடது இல்லையாம்!"

பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அந்தக் கரகரத்த குரலில் கத்தினாள். பக்கத்தில் இருந்த நோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வியாதி வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

மாத்திரை போட்ட மறுநாளே அதிசயம் நடந்துவிடவில்லை. முதல் இரண்டு வாரம் அவள் பழையபடியே தூங்கினாள். எனக்கு உள்ளுக்குள் பயம் எட்டிப் பார்த்தது. மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "புழுங்குது, ஃபேனைப் போடுங்க" என்றாள். நான் ஓடிப்போய்ப் போட்டேன். ஆறு வாரம் கழித்துப் பார்த்ததில் தொண்ணூற்றாறு பதினெட்டாகியிருந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சின் வேகம் திரும்பியது. என் பீரோச் சாவிக் கொத்தில் எது எந்தப் பூட்டுக்கு என்று என்னைவிட முன்னால் அவள் சொன்னாள். நான் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். "என்னைச் சோதிக்கிறீங்களா?" என்று தலையில் ஒன்று வைத்தாள்.

மூன்று மாதம் முடிந்தபோது டிஎஸ்ஹெச் மூன்று. ஞாபகச் சோதனைக்காக ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கதை சொல்லி, எண்களைத் தலைகீழாகக் கேட்டு, கடிகாரம் வரையச் சொன்னார்கள். எல்லாம் வயதுக்கு ஏற்றபடி சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அக்காவின் ரத்தத்திலும் டிஎஸ்ஹெச் லேசாக ஏறியிருந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். டிப்போவில் கண், காது, காகிதம் எல்லாம் பார்த்து, ஒரு வாரம் பக்கத்தில் ஆள் உட்கார வைத்து ஓட்டச் சொல்லி, அதன் பிறகே வண்டியைக் கொடுத்தார்கள்.

அவள் தனியாக எடுத்த முதல் நாள், நான் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அதே பேருந்தில் ஏறிக்கொண்டேன். மச்சான் டிக்கெட்டைக் கிழித்து என் கையில் திணித்தார்.

"சொந்தம்னு சும்மா விட முடியாது மாப்பிள்ளை."

கடைசி நிறுத்தம் வரைக்கும் போனோம். இரண்டு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டது வண்டி. மூவரும் இறங்கி நின்று டீ குடித்தோம். டிப்போ மேனேஜர் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு மச்சான் பேசிக் காட்ட, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"போதும் அண்ணே, விசில் அடிங்க. நேரமாச்சு."

டம்ளரை வைத்துவிட்டு விறுவிறுவென்று போய் ஏறினாள். நான் பின்னால் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.